ஹாலோவீன் பாட்லக்கா? டப்பா மேல் சீட்டு ஒட்டுங்கள்

நியூஜெர்சி ஆபீஸில் சேர்ந்து மூணு மாசம், அக்டோபர் 31, பேய் வேஷம் போடும் ஹாலோவீன் நாளுக்கு, வேஷமும், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் பாட்லக்கும் என்று மெயில் வந்திருக்கிறது, லீவு போட்டுவிடலாமா, என்ன போடுவது, என்ன சமைப்பது, நம் சாமிக்கு ஆகுமா என்று கேட்கிறீர்கள், தம்பி. லீவு வேண்டாம். அன்று ஆபீஸில் சாமியும் கிடையாது, பூசையும் கிடையாது, மிட்டாய்தான். வீட்டிலிருந்தே வேலை என்று ஒதுங்கிவிட்டு, தீபாவளிக்கு மட்டும் "ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை" என்று குறைப்படும் நம்மவர்கள் நிறைய. அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

வேஷம் சுலபம். கறுப்புச் சட்டை, தலையில் ஒரு சூனியக்காரித் தொப்பி. அரை நிமிடத்தில் கழற்ற வந்தால் போதும். திடீரென்று கிளையன்ட் மீட்டிங் வரும். முழு முகமூடி வேண்டாம், பேட்ஜில் இருப்பது நீங்கள்தானா என்று செக்யூரிட்டிக்குத் தெரிய வேண்டும். பொம்மைத் துப்பாக்கி, போலீஸ் யூனிஃபார்ம், தூக்குக்கயிறு, முகத்தில் கறுப்புப் பூச்சு, செவ்விந்தியர் இறகுக் கிரீடம், இதெல்லாம் தொடவே கூடாது, வேலைக்கே உலை. வேட்டி கட்டிக்கொண்டு போய் "இதுதான் என் வேஷம்" என்பவர்களும் உண்டு. வேட்டி நம் உடை, வேஷமில்லை.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் தப்பு செய்கிறார்கள். வேர்க்கடலை கொஞ்சம் பட்டாலே தொண்டை வீங்கி ஊசி போட வேண்டிய ஆள் உங்கள் டீமிலேயே இருக்கலாம். எலுமிச்சை சாதத்தில் கடலை, பொங்கலில் முந்திரி, தாளிப்பில் நல்லெண்ணெய். 2023 ஜனவரி முதல் எள்ளும் இங்கே சட்டப்படி ஒன்பதாவது அலர்ஜிப் பொருள். டப்பாவில் வரும் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாதவருக்கு நம் சாம்பாரும் ரசமும் ஆகாது. "சைவம்தான், பயப்படாமல் சாப்பிடுங்கள்" என்று நீட்டுவது பதிலே இல்லை. என்னென்ன போட்டது என்று சீட்டு எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். முந்திரி வறுத்த கரண்டியால் கிண்டியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

வடை வேண்டாம், மைக்ரோவேவில் ரப்பராகிவிடும். கேசரி செய்யுங்கள், நிறமே ஹாலோவீன் நிறம். 2 கப் ரவையைப் பாதி நெய்யில் வறுத்து, ஆரஞ்சு ஃபுட் கலர் கரைத்த 5 கப் கொதிநீர் ஊற்றுங்கள். ரவை நன்றாக வெந்த பிறகே 3 கப் சர்க்கரை. முந்திப் போட்டால் ரவை வேகாமல் நறநறக்கும். நெய் மொத்தம் முக்கால் கப், மீதிப் பாதி சர்க்கரைக்குப் பிறகு. 9-க்கு 13 அங்குலத் தட்டில் பரப்பி, ஆறிய பிறகு வெட்டினால் 24 துண்டு வரும். முந்திரிக்குப் பதிலாக ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புத் திராட்சை பதியுங்கள், பேய்க்கண் மாதிரி முழிக்கும். சீட்டில் கோதுமை, பால் என்று எழுதினால் முடிந்தது. அன்று காலையிலேயே கிண்டுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து வெள்ளைத் திட்டாக நிற்கும்.

சைவமென்றால் நீங்களும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சாக்லேட் புட்டிங் மேல் ஓரியோ தூளைத் தூவி, புழு மாதிரி மிட்டாய் செருகி ஒரு கப் வரும். அந்தப் புழுவில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கும். பஞ்சு மாதிரி மெத்தென்ற மார்ஷ்மெல்லோ மிட்டாயிலும், அரிசிப்பொரியை மார்ஷ்மெல்லோவில் ஒட்டிய கட்டியிலும் அதுவே. மூன்று நிறக் கேண்டி கார்ன் மிட்டாயிலும் பெரும்பாலும் உண்டு. அந்தக் காலத்தில் வந்தவர்கள் பாதிப்பேர் தெரியாமலே தின்று தீர்த்தார்கள், சொல்ல ஆளில்லை.

பரங்கிக்காயில் பேய் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் போட்டி இருந்தால், மூடியைக் கத்தி சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும். முகம் வெட்டும் பக்கம் ஒரு அங்குலக் கனம் வரும்வரை உள்ளே சுரண்டுங்கள். மெழுகுவத்தி ஆபீஸில் விடமாட்டார்கள், பேட்டரி விளக்கு வையுங்கள். போட்டிக்கு முதல் நாள் வெட்டினால் போதும், ஒரு வாரம் முன்னால் வெட்டினால் பூஞ்சை பிடித்து முகம் தொங்கிவிடும். முடிந்ததும் சாம்பாருக்கு என்று வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். அந்த ரகத்தில் நாரும் தண்ணீரும்தான். சாம்பாருக்கு இந்தியக் கடையில் கீற்றுப் போட்டு விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.