மருத்துவர் பதில்: பாலம் ஏறும்போது மட்டும் வர்ற கேஸ்

சார், கேன்சர் நோயாளிங்களுக்கு நிதி திரட்ட சென்னையிலேருந்து பாண்டிச்சேரிக்கு 150 கிலோமீட்டர் சைக்கிள்ல போறீங்க, நல்ல விஷயம். கை மரத்துப்போகுது, சீட் வலிக்குது, முட்டி வலிக்குது, எந்த கிளவுஸ் வாங்கலாம்னு ரெண்டு பக்கம் கேட்டுட்டு, நடுவுல ஒரே ஒரு வரி: "முட்டுக்காடு பாலம் ஏறும்போது நெஞ்சுல கேஸ் அடைச்ச மாதிரி கனம், தாடை வரைக்கும் இழுக்கும், நிறுத்தி ரெண்டு நிமிஷம் நின்னா போயிடும்." அப்புறம் கடைசியில, அப்பா 49 வயசுல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாருன்னு போற போக்குல ஒரு வார்த்தை. உங்களுக்கு 46. கிளவுஸ் பத்தியா சார் நீங்க எனக்கு எழுதினீங்க?

கேஸுக்கு ஏத்தம் இறக்கம் தெரியாது. சாப்பிட்டா வரும், படுத்தா வரும், ஏப்பம் விட்டா குறையும். மிதிக்கும்போது வந்து நின்னா அடங்குற கனம்னா முதல்ல இதயத்தைத்தான் சந்தேகப்படணும், இதுக்குப் பேரு ஆஞ்சைனா. ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலும் சும்மா உக்காந்திருக்கும்போது வர்ற ரத்தம் போதும், ஆனா ஏத்தத்துல மிதிக்க மிதிக்க இதயத்துக்குத் தேவை ஏறிக்கிட்டே போகும், குழாயால ஈடுகுடுக்க முடியாது. போன மாசம் பாலத்துல மட்டும் வந்தது இப்ப எதிர்காத்து அடிச்சா சமதரையிலயே வருதுன்னும் எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குக் கவலை. குறைஞ்ச உழைப்புக்கே வர ஆரம்பிச்சிருச்சுன்னா அது தள்ளிப்போடற சமாச்சாரமே இல்ல.

"ஈசிஜி நார்மல் டாக்டர்"னு ஒரு வரி வேற. படுக்க வச்சு, வலி இல்லாத நேரத்துல எடுத்த ஈசிஜி, அடைப்பு இருந்தாலும் நார்மலா வரலாம். மோட்டாரைப் போடாமலே பைப்ல லீக் இருக்கான்னு பாத்த கதைதான். அதுக்காக செக்கப் பேக்கேஜ் வாங்கிட்டுப் போய் ஓடவிட்டு ஈசிஜி பாக்கற ட்ரெட்மில்ல நீங்களா ஏறிடாதீங்க, வலி கூடிக்கிட்டே போற ஆளை அதுல ஓடவிடலாமா, நேரா ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக்குழாயில அடைப்பு இருக்கான்னு படம் எடுத்துப் பாக்கணுமான்னு, இதய டாக்டர் கார்டியாலஜிஸ்ட்தான் முடிவு பண்ணணும். இன்னைக்கோ நாளைக்கோ போங்க, அதுவரைக்கும் சைக்கிளைத் தொடாதீங்க, மெதுவா ஓட்டிப் பாக்கறேங்கிற பேச்சும் வேணாம். உக்காந்திருக்கும்போதே கனம் வந்தாலோ, நின்னும் 10 நிமிஷத்துல அடங்கலேன்னாலோ, வேர்த்துக் கொட்டினாலோ சோடா குடிச்சுப் பாக்காம 108-ஐக் கூப்பிடுங்க. நீங்களே வண்டி ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்.

அப்புறம் அந்த மாத்திரை. ரைடுக்கு முன்னாடி முன்னெச்சரிக்கையா டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போடறேன்னு எழுதியிருக்கீங்க, யாரு சொன்னது? வெயில்ல வேர்த்து உடம்புல தண்ணி குறையும்போது கிட்னிக்குப் போற ரத்தமே குறையும், அந்த நேரத்துல வலி மாத்திரை போட்டா கிட்னி அடிவாங்கும், இதயக் கோளாறு சந்தேகம் இருக்கற ஆளுக்கு அது இன்னும் கெடுதல். காலையில வெறும் வயித்துல போடற கேஸ் மாத்திரையும் வலியை நிறுத்தலேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறமும் தொடர்ந்து முழுங்கினா என்ன அர்த்தம்?

மத்ததெல்லாம் சின்ன விஷயம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போறது ஹேண்டில்ல உள்ளங்கை அழுத்தி நரம்பு நசுங்கறதால, பிடியை மாத்தி மாத்தி பிடிங்க, முழங்கையை விறைப்பா வைக்காதீங்க. முட்டிக்கு சீட் உயரத்தைப் பாருங்க, பெடல் கீழ இருக்கும்போது முட்டி லேசா மடங்கியிருக்கணும். சைக்கிள் ஓட்டினா ஆண்மை போயிடும்னு ஏதோ வீடியோ பாத்து தூக்கம் கெட்டிருக்கீங்க, சீட்டை சரியா வச்சு, பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பெடல்ல எழுந்து நின்னா போதும். அந்த வீடியோவை முதல்ல மூடுங்க.

ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் பணம் வாங்கிட்டேன், இப்ப எப்படி பின்வாங்கறதுன்னு கேக்கறீங்க. பணம் குடுத்தவங்க கேன்சர் நோயாளிங்களுக்குத்தான் குடுத்தாங்க, உங்க காலுக்குக் குடுக்கல. அன்னைக்கு மரக்காணத்துல தண்ணி ஸ்டால்ல நில்லுங்க, அதுக்கும் ஆள் வேணும், அதையும் கார்டியாலஜிஸ்ட்டைக் கேட்டுட்டுச் செய்யுங்க. அடைப்பு இருந்து சரி பண்ணிட்டு, டாக்டர் ஓகே சொன்ன பிறகு திரும்ப சைக்கிள்ல ஏறினவங்க நிறைய பேர், அடுத்த வருஷ ரைடுக்கு நீங்களும் போகலாம். வீட்டம்மாகிட்ட இன்னும் சொல்லலேன்னு எழுதியிருக்கீங்க, இதைப் படிச்சதும் சொல்லுங்க, டாக்டர்கிட்ட போகும்போது அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.