அமெரிக்காவுல காராமணி சோறா?

கேள்வி: பையன் அட்லாண்டால வேலை பாக்குறான், புது வருஷத்துக்கு ஃப்ரெண்டு வீட்ல காராமணி போட்ட சோறு குடுத்தாங்களாம், நம்ம ஊர் ஐட்டம் அங்க எப்படி போச்சு? - வாசகி, திருச்சி

பதில்: அது நம்ம ஊர்ல இருந்து போகலம்மா, ஆப்பிரிக்கால இருந்து போனது. அந்த சோத்துக்கு பேரு ஹாப்பின் ஜான். காராமணிக்கும் சரி வெண்டைக்காய்க்கும் சரி, அமெரிக்காவுக்கு வழி காட்டுனது அடிமைக் கப்பல் காலம்தான். அந்த அரிசிக்கும் அதே கததான்: 1700கள்ல அமெரிக்காவோட தெக்குப் பக்கத்து சவுத் கரோலினா நெல்லுலதான் கொழிச்சுது, அந்த வயலுக்கு வரப்பு போட்டு மதகு வெச்சு தண்ணி கட்டுனது பூரா அடிமைங்க, அதுல நெறைய பேர் மேற்கு ஆப்பிரிக்கால தலைமுறை தலைமுறையா நெல்லு வெளைய வெச்சவங்க, ஆனா காசு பாத்தது மட்டும் முதலாளிங்க.

ஜனவரி 1 அன்னிக்கு இத சாப்ட்டா வருஷம் பூரா காசு தங்கும்னு ஒரு நம்பிக்கை. கூடவே காலர்ட்னு முட்டைக்கோஸ் வகைக் கீரை, அதையும் மணிக்கணக்கா வேகவிட்டு அந்த தண்ணிய கீழ கொட்டாம கார்ன் பிரெட்டுங்கற மக்காச்சோள ரொட்டிய அதுல தொட்டு சாப்புடுவாங்க, எனக்கு பிடிச்சதே அந்த தண்ணிதான். நீங்க சைவம்னா பையன் கிட்ட சொல்லி வைங்க, சோறு கீரை ரெண்டுலயும் பொதுவா புகை போட்ட பன்னிக்கறி கெடக்கும்.

கேள்வி: கார்ன் பிரெட் இனிப்பா, காரமா? - வாசகர், சேலம்

பதில்: ரெண்டும் இல்ல. பழைய கைப்பக்குவத்துல சக்கரை கிட்டத்தட்ட கெடையாது, மக்காச்சோள மாவு, மோர், முட்டை, உப்பு, முக்கியமா இவ்ளோதான். இரும்பு சட்டிய கொழுப்போட நல்லா காய வெச்சு மாவ ஊத்துனா சொய்ங்னு சத்தம் வரணும், அப்பதான் அடி மொறுமொறுன்னு வரும். மக்காச்சோளம் அங்கத்த பூர்வகுடிங்க குடுத்தது.