இரண்டடித் தொட்டியில் யார் யார் சேர்ந்து இருப்பார்கள்?

சுங்கை சிப்புட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான். ஆனாலும் என் வீட்டுக் கூடத்தில் பத்து வருடமாகப் பவளம் வளர்கிறது. அதைப் பார்க்க வந்தவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, இரண்டடித் தொட்டி, 60 லிட்டர். எத்தனை மீன் விடலாம்? மகன் நீல உடம்பும் மஞ்சள் வாலுமாய் ஒன்றைக் கேட்டு அடம் பிடிக்கிறான்.

மூன்று. கல்லும் மணலும் இடம் பிடித்தது போக உங்களிடம் 50 லிட்டர்தான் தண்ணீர் இருக்கும். மகன் கேட்பது புளூ டாங். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும், வளர்ந்தால் ஓர் அடி. ஆறடித் தொட்டி வாங்கும்போது பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

ஒசெல்லாரிஸ் கிளவுன் மீன் ஒரு ஜோடி, மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீன் ஒன்று, அதோடு ஒரு பிஸ்டல் இறால். இந்தக் கடைசி இரண்டுக்காகவே நான் தொட்டி வைத்திருக்கிறேன். இறாலுக்குக் கண் பார்வை மட்டம். நாள் முழுக்க மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே கொட்டும். கோபி குழி வாயிலில் காவல். வெளியே வரும்போது இறால் ஒரு மீசையைக் கோபியின் உடம்பில் வைத்தபடிதான் வரும். யாராவது தொட்டிப் பக்கம் போனால் கோபி வாலை லேசாக உதறும், அவ்வளவுதான், இரண்டும் உள்ளே. மகன் புளூ டாங்கை மறந்துவிடுவான்.

கிளவுன் மீனில் ஆண், பெண் எப்படிப் பார்ப்பது? அனிமோனும் வாங்க வேண்டுமா?

பார்க்கவே வேண்டாம். எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும், ஜோடியில் அடக்கி ஆள்வது பெண்ணாகிவிடும். பெரிது ஒன்று, சிறிது ஒன்று எடுத்து ஒரே நாளில் விடுங்கள். மூன்றாவதை வாங்காதீர்கள், அடி வாங்கியே சாகும். அனிமோன் என்பது கடலில் கிளவுன் மீன் குடியிருக்கும் மெத்தென்ற உயிர், அது இல்லாமலேயே அவை நன்றாக இருக்கும். புதுத் தொட்டியில் அனிமோன் நடந்துபோய் பம்பில் மாட்டிக் கிழிந்தால் தண்ணீரே கெட்டுவிடும்.

தொட்டி பழக நீல டேம்சல் மீன் விடச் சொன்னார் கடைக்காரர். விட்டேன். இப்போது எதை விட்டாலும் அது அடிக்கிறது.

எனக்கும் ஒரு கடைக்காரர் இதையேதான் சொன்னார் தம்பி. அந்த டேம்சலைப் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கல் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். முதலில் குடி வந்தவன் மொத்த லய வீட்டு வரிசையும் தன்னுடையது என்பான். அதனால் சாதுவானதை முதலில் விட வேண்டும், முரட்டுப் பயலைக் கடைசியில். சின்னத் தொட்டிக்கு அவன் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

முடிந்தால் டேம்சலைப் பிடித்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள். முடியாவிட்டால் கல்லைக் கலைத்து வேறு மாதிரி அடுக்குங்கள், அதன் எல்லைக் கணக்குக் குழம்பும். புதியவனை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மூன்று நாள் உள்ளேயே வைத்து, பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

தொட்டி பழக, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர, மீனே தேவையில்லை. பாசாரில் வாங்கிய பச்சை இறால் ஒரு துண்டு உள்ளே கிடந்து அழுகினால் போதும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

கோலாலம்பூரிலிருந்து பையில் மீன் கொண்டுவருகிறேன். எத்தனை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை அதில் விட வேண்டும்?

வழியிலேயே சில மணி நேரம் போயிருந்தால் சொட்டு வேண்டாம். மூடிய பையில் மீன் விடும் மூச்சால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கியிருக்கும். அதுவரை அம்மோனியா அடங்கி இருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமன் செய்து, திறந்ததும் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

ஒன்று கவனம். பல கடைகளில் உப்பைக் குறைத்தே வைப்பார்கள். நம் தொட்டியில் உப்புமானி காட்டும் அடர்த்தி 1.025. கிளம்பும் முன்பே கடையில் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் அதிகம் என்றால் தனித் தொட்டியில் கடையின் அளவுக்குத் தண்ணீர் கலந்து வைத்து, மீனை அதில் விட்டுச் சில நாளில் மெல்ல ஏற்றுங்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்கப் புது மீனை எப்படியும் நான்கு வாரம் தனியே வைக்கத்தானே வேண்டும்?

வெள்ளைப் புள்ளி வந்துவிட்டது. செம்பு மருந்து ஊற்றலாமா?

பவளத் தொட்டியிலா, ஐயோ! இறாலும் பவளமும் போய்விடும். மீன்களைத் தனியே எடுத்து அங்கே மருந்து போடுங்கள். பெரிய தொட்டியில் இரண்டரை மாதம் மீனே இருக்கக் கூடாது. நோய் தரும் ஒட்டுண்ணிக்கு மீன் கிடைக்காமல் போனால்தான் நோய் அற்றுப்போகும்.

மாண்டரின் மீன்?

கோலம் போட்டது போல அழகு. நுண்ணிய உயிர்களைத்தான் பொறுக்கித் தின்னும். 60 லிட்டரில் அவை சில வாரத்தில் தீரும், மீன் காயும். வேண்டாம்.

பூலாவ் பாயாருக்குப் போகிறோம், நாங்களே பிடித்து வரலாமா?

கூடாது. அது கடல் பூங்கா. மீனோ பவளமோ எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

டெங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்களாம். தொட்டிக்கு ஆபத்தா, தம்பி?

ஆமாம் அக்கா. கொசு மருந்து மீனுக்கும் ஆகாது, இறாலுக்கு இன்னும் ஆகாது. ஜன்னலைச் சாத்தி, தொட்டி மேல் ஈரத்துணி போட்டு மூடுங்கள். காற்றுப் பம்பை நிறுத்துங்கள், அதுதான் வெளிப் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதும். உள்ளே அலை கிளப்பும் பம்ப் ஓடட்டும். வாடை முழுக்கப் போகும்வரை துணியை எடுக்காதீர்கள்.