ஊருக்குப் படிவம் நிரப்புகிறவர்

அன்புள்ள அம்மா,

வேலை போய் நாலு மாதமாகியும் மகன் வாசிகசாலைப் பெடியளோடு சம்பளமில்லாத தொண்டில் திரிகிறார், சனம் சிரிக்கிறது என்று போன கிழமை நீங்கள் வந்து சொல்லிப் போனபிறகு தம்பியையும் தனியே கண்டு கதைத்தேன். நேரில் சொன்னால் பாதியில் அழத் தொடங்கிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்று சொன்னீர்கள். மறுக்கவில்லை. ஆனால் வேலை போனவரிடம் மிஞ்சிக் கிடப்பது நேரம். தம்பி கொடுப்பதும் அதைத்தான். முதல் இரண்டு மாதமும் பகல் பன்னிரண்டு மணிவரை எழும்பாமல் கிடந்தார், வாசிகசாலைப் பெடியளோடு சேர்ந்த பிறகு ஆறு மணிக்கே முகம் கழுவுகிறார் என்று நீங்களே சொன்னீர்கள். அந்த ஆறு மணியைப் பறித்துவிடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு நானும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தவன். திட்டம் முடிந்ததும் ஒரே கடிதத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனுசிக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு, பொழுதுபடும்வரை திருகோணமலை உட்துறைமுக வீதியில் போய்க் குந்தியிருப்பேன். அயலில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கும் சாப்பாடு இறங்கியது.

குடும்பங்களுக்குக் கொடுக்கிற சாமான் வைத்திருக்கிற வாசிகசாலைப் பின்னறையைப் போய்ப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். அரிசி மூட்டைகள் நிலத்தில் முட்டாமல் பலகையில் இருந்தன. பழைய மூட்டை முன்னுக்கு, புதியது பின்னுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் நூலில் ஒரு அட்டை தொங்கியது: வந்தது, போனது, மிச்சம். பருப்பு அட்டையில் மிச்சம் 14 கிலோ என்று எழுதி, அதை வெட்டி 13½ என்று திருத்தி, பக்கத்தில் திகதியும் போட்டு "எலி" என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரைக் கிலோ பருப்புக்கும் எலியிடம் கணக்குக் கேட்கிற ஸ்டோர் கீப்பரை எந்த முதலாளியும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். எட்டு வருடம் பழகிய கை அது. கம்பனி போனாலும் தொழில் போகவில்லை.

இனி எனக்குப் பிடிக்காத பக்கம். அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பணம் கிடைக்காத வயோதிபர்களுக்கு மேன்முறையீடு எழுதி, பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம். நல்லது. "உங்கட கிராஜுவிட்டிக்கு, கம்பனி தரவேண்டிய பணிக்கொடைக்கு, எழுதிப் போட்டீங்களா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "அவங்களிட்டப் போய் நிக்க ஏலாது சேர்" என்றார். ஊராருக்கு உரிமை கேட்கிற பிள்ளைக்குத் தன்னுடையதைக் கேட்க ரோசம் விடவில்லை. தொண்டு ஒளிந்திருக்கிற இடமாக மாறுவது இப்படித்தான். நீங்கள் கவலைப்பட வேண்டியது இதற்கு, சனத்தின் சிரிப்புக்கு அல்ல.

அது யாரும் போடுகிற பிச்சை இல்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக எடுத்த சம்பளக் கணக்கில். தம்பிக்கு எட்டு வருடம், ஆக நாலு மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும், பிந்தினால் மேலதிகமாகவும் கட்டவேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் கந்தோரில் முறைப்பாடு எழுதலாம், முதலாளியின் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) காசையும் வேலை விட்டபிறகு எடுக்கலாம். ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதியம்) சாதாரணமாக ஆண்களுக்கு 55 வயதில்தான், அதை நம்பி இப்போது கடன்படாதீர்கள். நிறுத்தியதே அநியாயம் என்று தம்பி நினைத்தால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் அதற்கு ஆறு மாதம்தான் தவணை. நாலு மாதம் போய்விட்டது.

இன்னொன்று. சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிற ஊரவர்கள் அனுப்புகிற காசு தம்பியின் சொந்த வங்கிக் கணக்கில் விழுகிறது. இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் ஒரு ரூபாயும் தொடமாட்டார், தெரியும். ஆனால் வேலையில்லாத ஒருவரின் கணக்கில் பொதுக்காசு கிடந்தால் ஊர்வாய் சும்மா இருக்குமா? வாசிகசாலையின் பெயரில் கணக்குத் திறந்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலையும் பொதுச் செலவில் எழுதட்டும், அதில் வெட்கமில்லை. உங்கள் தாலிக்கொடியை அடகு வைத்துச் சாமான் வாங்கிய கதை ஒருமுறையோடு முடியட்டும்.

வேலை விசயம்: உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குச் சீசன் சித்திரைக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும், ஆனால் ஸ்டோருக்கும் சமையலறைக்கும் ஆட்களை மாசி பங்குனியிலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே தொண்டுக்குப் பின்நேரமும் சனிக்கிழமையும் போதும். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை தேடுகிற நேரம். இதை நீங்கள் சொன்னால் சண்டை வரும், விடுங்கள், நான் சொல்கிறேன். வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகிய தொழிலைக் காட்டி என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கிறது. பிரதேச செயலகத்துக்குத்தான் அடிக்கடி போகிறாரே, அங்கே மனிதவலு உத்தியோகத்தரிடம் ஒருமுறை தனக்காகவும் விசாரிக்கட்டும். வாசிகசாலைத் தலைவரிடம் கடிதம் வாங்கும்போது "நற்பண்புள்ளவர்" என்று எழுத விடாதீர்கள், அப்படி எல்லாருக்கும்தான் எழுதுவார்கள். மாதம் எத்தனை குடும்பம், எத்தனை கிலோ, எத்தனை மாதம் கணக்குப் பிசகாமல் பார்த்தார் என்று இருக்கவேண்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை தம்பியை அனுப்புங்கள். நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சிட்டை, வேலை நிறுத்திய கடிதம், அடையாள அட்டைப் பிரதி. முறைப்பாட்டை என் மேசையிலிருந்தே எழுதி, இரண்டு பேருமாகக் கந்தோருக்கு நடப்போம். வரும்போது அந்தப் பருப்பு அட்டையையும் கழற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.