மெயின்ஃப்ரேம் அசெம்பிளரில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் எண் பிழைகள் எவை?

என் அனுபவத்தில் முதல் இடம், விட்டுப்போன எக்ஸுக்கும் மேற்கோள் குறிக்கும்தான். ஓர் எண் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) என்று அசெம்பிளருக்குச் சொல்பவை அவைதான்.

ஒரு ஃபிளாக் பைட்டின் முதல் பிட்டைச் சோதிக்க, டிஎம் கட்டளையில் எக்ஸ்'80' என்று எழுத வேண்டும். நான் பராமரித்த ஒரு புரோகிராமில் வெறும் 80 என்று இருந்தது. அசெம்பிளருக்கு அது தசம எண், ஹெக்ஸில் 50. அதாவது 64, 16 மதிப்புள்ள இரண்டு பிட்டுகள். நமக்கு வேண்டிய பிட் அதில் இல்லவே இல்லை. ஆனால் ஒரு பைட்டுக்குள் அடங்கும் எண் என்பதால் அசெம்பிளர் எச்சரிக்கைகூடத் தராது. டெஸ்டில் எல்லா பிட்டுகளையும் 1 ஆக வைத்திருந்தோம், சோதித்த பிட்டுகள் எல்லாமே 1 ஆக இருந்தால் வேறிடத்துக்குத் தாவும் பிஓ கட்டளை சரியாக பிராஞ்ச் ஆனது. புரொடக்ஷனில் முதல் பிட் மட்டும் 1 ஆக வந்த அன்று ஆகவில்லை. இரண்டு நாள் லாஜிக்கையே திரும்பத் திரும்பப் படித்தேன். 80ஐக் கண்டதும் மனம் தானாகவே எக்ஸைச் சேர்த்துப் படித்துவிடுகிறது.

ஸ்பேஸிலும் இதே கதை. மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் ஸ்பேஸ் எக்ஸ்'40', தசமத்தில் 64. ஒரு பைட்டை ஒப்பிடும் சிஎல்ஐ கட்டளையில் 40 என்று விட்டால் ஹெக்ஸ் 28உடன் ஒப்பிடும். ஸ்பேஸ் சிக்கவே சிக்காது. எழுத்தைக் குறிக்கும் சி'1' வேண்டிய இடத்தில் 1 எழுதுவதும் அப்படித்தான். எழுத்தாக வரும் 1, எப்சிடிக்கில் 241.

ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்) இன்னும் மோசம், ஏனென்றால் பிழை ஓரிடத்தில், அடி வேறிடத்தில். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் முக்கிய அட்டவணையான சிவிடியின் முகவரி இருப்பது எக்ஸ்'10'இல், அதாவது 16இல். அதை நினைவகத்திலிருந்து ரெஜிஸ்டர் 1க்கு (ப்ராசஸருக்குள் இருக்கும் சேமிப்பிடம்) எடுக்க 'எல் 1,16' சரி. 'எல் 1,10' என்றால் ஆறு பைட் முன்னால் இருக்கும் எதையோ எடுத்து வரும், ஒன்றும் வெடிக்காது. அப்புறம் அதை முகவரியாக நம்பும் வேறொரு வரியில்தான் பெரும்பாலும் 0சி4 (தவறான நினைவக அணுகல் பிழை) வரும்.

ரெஜிஸ்டர் பெயரும் ஈக்யூ (பெயருக்கு மதிப்புத் தரும் கட்டளை) வழியாக வெறும் எண்தான். ஒரு ரெஜிஸ்டரை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் எல்ஆர் எழுத வேண்டிய இடத்தில் 'எல் ஆர்3,ஆர்4' என்றால் 4ஆம் முகவரியில் இருப்பது வந்துவிடும். இதையாவது அசெம்பிளரே பிடிக்கும்: ஃபிளாக் ஆப்ஷனில் பேஜ்0 கொடுத்தால் ஏஎஸ்எம்ஏ309 எச்சரிக்கை வரும். தயவுசெய்து அதைப் போட்டு வையுங்கள்.

மற்றவற்றுக்கு, லிஸ்டிங்கில் சோர்ஸை விட்டுவிட்டு இடப்பக்கம் இருக்கும், அசெம்பிளர் உருவாக்கிய ஆப்ஜெக்ட் கோடைப் படியுங்கள். அங்கே எல்லாமே ஹெக்ஸ், மனம் எதையும் சேர்த்துப் படிக்க வழியில்லை. அந்த டிஎம்மையும் கடைசியில் அங்கேதான் கண்டுபிடித்தேன்: 9180 (91 என்பது டிஎம்மின் குறியீடு) இருக்க வேண்டிய இடத்தில் 9150 என்று இருந்தது.