2038-க்கு கம்ப்யூட்டரை அணைத்து வைப்பது பற்றி

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்று உறைகிணற்று மோட்டார்களை ஓட்டும் உங்கள் பழைய கம்ப்யூட்டரை 2038 ஜனவரி 19 அன்று அணைத்து வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

32 பிட் கடிகாரம், அதாவது நேரத்தை 32 இரும இலக்கங்களுக்குள் அடங்கும் எண்ணாக வைப்பது, 1970 முதல் நொடிகளை எண்ணுகிறது. நம் நேரப்படி அன்று காலை 8:44:07-க்கு எண் நிரம்பி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். அணைத்தாலும் மதர்போர்டு பேட்டரியில் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மறுநாள் போட்டால் அதே கோளாறு.

அணைப்பதிலேயே ஆபத்து உண்டு. 1999 டிசம்பர் 31 இரவு பாளையங்கோட்டையில் நான் இருந்த அலுவலகத்தில், 2000 பிறந்தால் தேதி குழம்பிவிடும் என்ற பயத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்தோம். காலையில் ஒன்று எழும்பவே இல்லை. காரணம் தேதியெல்லாம் இல்லை, வருஷக்கணக்காக நிற்காமல் ஓடிய ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது. (திட்டு வாங்கியது நான்தான்.)

இப்போதே அதே மென்பொருளை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, தேதியை 2038 ஜனவரி 19 காலை 8:40 என்று மாற்றி வைத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்க வேண்டாம். மோட்டாருக்குத் தேதி தேவையில்லை, அதை எப்போது போடுவது என்று சொல்லும் நிரலுக்குத்தான் தேவை. அதனால் முந்தின இரவே மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டு, ஸ்டார்டரைக் கையால் போடத் தெரிந்த ஆள் ஒருவரை அங்கே உட்கார வையுங்கள்.