அம்மாவின் மாத்திரையும் தங்கையின் மாத்திரையும்

அன்புள்ள அண்ணாச்சி,

அம்மாவுக்குச் செயற்கை இதய வால்வு வைத்து ஆறு வருஷம் ஆகிறது. ரத்தம் கட்டாமலிருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை. போன வாரம் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. மாதவிடாய்ப் போக்குக்காகத் தங்கை வாங்கிய டிரனெக்சாமிக் அமில மாத்திரை வீட்டில் இருக்கிறது. “அதில் ஒண்ணு போட்டுக்கிடட்டுமா?” என்கிறாள் அம்மா. கொடுக்கலாமா?

வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள தங்கைக்கு,

கொடுக்காதீர்கள். இன்றைக்கே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்; ஏறினால் உறைய அதிக நேரமாகிறது என்று அர்த்தம்) பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். வார்ஃபரின் அளவு மிஞ்சியிருந்தாலும் ஈறில் ரத்தம் வரும்.

பத்தமடைப் பாயை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியில் ஃபைப்ரின் என்கிற புரத இழைகள் அப்படித்தான் பின்னிக் கிடக்கும். அதற்கு வேண்டிய புரதங்கள் சிலவற்றைக் கல்லீரல் வைட்டமின் கே துணையோடு செய்கிறது. அந்த வைட்டமின் மறுபடி பயன்படாமல் வார்ஃபரின் தடுத்துவிடும். கோரை வரத்து குறைந்தால் பாய் முடைவது எப்படி? பழைய சரக்கு தீர வேண்டுமே, அதனால்தான் முழுப்பலன் தெரிய நாலைந்து நாள் ஆகிறது. வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்தது, 1954-இல் மனிதருக்கு மருந்தானது.

தங்கையின் மாத்திரை பின்னுகிற வேலையில் தலையிடாது. பின்னிய பாயைப் பிரிக்கிறது ரத்தத்தில் உள்ள பிளாஸ்மின் என்கிற நொதி. ஃபைப்ரினில் உள்ள லைசின் என்கிற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டுதான் அது வெட்டும். டிரனெக்சாமிக் அமிலம் லைசினைப் போலவே இருப்பதால், பற்றுகிற கொக்கியில் முந்திப் போய் உட்கார்ந்துவிடும். கட்டி கரையாமல் நிற்கும். பிரசவத்தில் ரத்தம் போய்ப் பெண்கள் சாகக்கூடாது என்று பாடுபட்ட ஜப்பானிய மருத்துவர் உதாகோ ஒகமோதோ, கணவரோடு சேர்ந்து 1962-இல் இதை வெளியிட்டார். பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்குச் சாவு குறைகிறது என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்த அம்மாளை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

ஆனால் உங்கள் அம்மாவின் வால்வில் ஒரு கட்டி கரையாமல் தங்கினால், அது மூளைக்கே போய் அடைக்கலாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கும்போது இதே மருந்தைக் கொப்பளிக்கக் கொடுப்பதுண்டு. அது டாக்டர் பார்த்துச் செய்வது, வாயோடு நிற்பது.

அப்புறம், கீரை. என் பெரியம்மாவும் வார்ஃபரின்காரிதான். தினசரிக் காலண்டர் தாளில் ‘ஒண்ணு’, ‘அரை’ என்று பென்சிலால் குறித்து, அரைக்கு மாத்திரையைப் பிளேடால் வெட்டுவாள். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது என்று கேட்டதும் முருங்கைக்கீரையை அடியோடு விட்டாள். அடுத்த முறை ஐஎன்ஆர் ஏறிவிட்டது. “விடவும் வேண்டாம், ஒருநாள் கும்பாவிலே தின்னவும் வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவு” என்றார் டாக்டர். இப்போது செவ்வாய்க்கிழமைத் தாளில் ‘கீரை’ என்றும் எழுதியிருக்கிறது.